நெல் காயும் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் நண்பர்களுக்கு,

மாசி பிறந்தால் டெல்டாவில் நமக்குக் கொண்டாட்டம்தான். ஐப்பசி, கார்த்திகையில் சேறும் சகதியுமாகக் கிடந்த ஆற்றங்கரை ரோடுகள் காய்ந்துவிட்டன. ஆடிக்காற்று வர இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது. வெயில் சுடுவதற்கு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியில் வேட்டியால் தலையை மூடிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்கும் பெரியவர்கள், தொடை தெரியும் கால்சட்டையோடு போகும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் உண்டு. பஞ்சாங்கம் இளவேனிலைச் சித்திரையில் வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் ஒரத்தநாட்டு ரோட்டில் ஒருமுறை மிதித்தவர் அதை ஏற்கமாட்டார். சைக்கிள்காரனுக்கு வசந்தம் என்றால் மாசி முழுக்கவும் பங்குனியில் பாதியும். அவ்வளவுதான்.

நானும் உங்களில் ஒருவன். வாரம் தவறாமல் ஓட்டுகிறவன். கூடவே, வெட்டாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் உள்ள வீட்டுக்காரன். அதனால் இதே ரோட்டை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. போன பங்குனியில் நம் ஆட்களில் சிலர், ரோட்டில் நெல்லையும் உளுந்தையும் காயப்போடுவதைத் தடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். வழுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்தவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மனுவில் என் கையெழுத்து இருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நெல் ஏன் ரோட்டுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆள் வைத்து அறுத்த காலத்தில், அறுத்த தாள் வயலிலேயே அரியரியாகக் கிடந்து காயும். பிறகு கட்டாகக் கட்டிக் களத்துக்கு வரும், அடிபடும், போராகும், தூற்றப்படும். நெல் மூட்டைக்குள் போவதற்குள் அதன் ஈரம் பெரும்பாலும் போயிருக்கும். இப்போது அறுவடை மெஷின் இறங்கினால் ஒரு ஏக்கர் ஒரு மணி நேரச் சங்கதி. பயிராக நின்றது அன்றைக்கே நெல்லாகி டிராக்டரில் ஏறிவிடுகிறது. பச்சை நெல். கையில் அள்ளினாலே குளிர்ச்சி தெரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்குவதற்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பருவம் தப்பி மழை பெய்த ஆண்டுகளில் தளர்வு கேட்டு மனுப் போகும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துப் போகும், அதற்குள் பாதி நெல் முளைத்துவிடும். மற்றபடி 17தான் எல்லை. அந்த எல்லைக்குக் கொண்டுவரக் களம் வேண்டும். ஊர்ப் பொதுக்களம் சுருங்கிப் போன ஊர்கள் நிறைய. இருக்கிற களமும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது. வெயில் விழும், அடியிலிருந்தும் சூடேறும், தரை சமமாக இருக்கும், வாசலுக்கு எதிரே இருக்கும் ஒரே இடம் தார் ரோடு. அங்கே வருகிறார்கள்.

ஒரு நாள் நின்று பாருங்கள். நம் சைக்கிளின் விலை கேட்டு ஆச்சரியப்படுவார்கள், பரவாயில்லை, பதில் சொல்லிவிட்டு நின்று பாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் படுதாவை உருவுவார்கள். இரவு முழுக்க மூடியிருந்த குவியலிலிருந்து லேசாக ஆவி கிளம்பும். பலகையால் இழுத்து, ரோட்டின் ஒரு பாதியில் இரண்டு விரல்கடை கனத்துக்குப் பரப்புவார்கள். பிறகு ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு, இரண்டு காலையும் தரையோடு தேய்த்தபடி நெல்லுக்குள் நேராக நடப்பார். பாதம் போன தடத்தில் சால் விழும். இரண்டு பக்கமும் நெல் சின்ன வரப்பாக எழும்பும். திரும்பி வரும்போது அந்த வரப்பின் மேல் நடப்பார். வரப்பு சாலாகும், அடியில் கிடந்த ஈர நெல் மேலே வரும். இப்படி வெயில் சாயும் வரை, அரை மணிக்கு ஒரு தரம். மத்தியானத்தில் நாலு நெல்லை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நசுங்கினால் இன்னும் ஈரம். டக்கென்று உடைந்தால் நாளைக்கு மூட்டை பிடிக்கலாம். கொள்முதல் நிலையத்து மீட்டர் காட்டும் எண்ணுக்கும் அந்தப் பல்லுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இருக்காது என்று எங்கள் ஊரில் பந்தயம் கட்டுவார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனாலும் மீட்டரைவிடப் பல்லை நம்புகிறவர்கள்தான் அதிகம்.

அந்த அம்மா நமக்கு முதுகு காட்டித்தான் நடந்துகொண்டிருப்பார். நம் சைக்கிளில் சத்தமே இல்லை. நல்ல செயின், நல்ல பேரிங், மெல்லிய டயர். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆளுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை தெரியாது. போதாக்குறைக்கு நம்மில் பாதிப் பேர் மணியைக் கழற்றிவிட்டோம், ஐம்பது கிராம் எடை குறையும் என்று. வயிற்றில் இருக்கும் எடையைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை. டெல்டாவில் மணியில்லாத சைக்கிள் ஆபத்து. பத்தடி முன்னால் அடித்தால் போதும், "தம்பி, ஓரமா போங்க, நெல்லு கெடக்கு" என்று அவரே வழி விடுவார். பிரேக்கை மட்டும் நெல்லின் மேல் பிடித்துவிடாதீர்கள். தார் ரோட்டில் சிதறிய நெல் மெல்லிய டயருக்குக் கீழே பால்ரஸ் மாதிரி உருளும். முன்சக்கரம் போனால் போனதுதான். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, நெல் இல்லாத பாதியில், எதிரே வண்டி வந்தால் இறங்கி நின்று போங்கள். நெல்லின் மேல் செருப்புக் காலோடுகூட நடக்கமாட்டார்கள் இங்கே. அதன் மேல் டயர் தடம் பதித்துவிட்டுப் போகிறவனை அவர்கள் திட்டாமல் இருப்பது மரியாதையால் மட்டுமே.

உளுந்து கதை நேர் எதிர். மாசியில் நீங்கள் வயலில் பார்க்கும் பச்சை, நெல் அல்ல; உளுந்தும் பச்சைப்பயறும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னாலேயே நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். தாளோடு தாளாக முளைத்து, நெல் போனபிறகு வயலில் மிஞ்சிய ஈரத்தையும் இந்தப் பனியையும் குடித்தே வளர்ந்து, பங்குனியில் செடி பிடுங்கலுக்கு வந்துவிடும். உழவில்லை, தனியாகத் தண்ணீர் பாய்ச்சலும் கிடையாது. மேட்டூர் அணையை ஜனவரி 28ல் மூடிவிடுகிறார்கள். ஜூன் 12ல் திறக்கும்வரை எங்களுக்குக் கையில் காசு பார்ப்பது இதில்தான். காய்ந்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டு, "ஏத்திட்டுப் போங்க" என்று பஸ்ஸுக்கும் லாரிக்கும் கை காட்டுவார்கள். சக்கரம் ஏறினால் காய் வெடித்துப் பருப்பு பிரியும். நம்மையும் ஏறச் சொல்வார்கள். ஏறாதீர்கள். நம் எடைக்கு ஒரு காய் உடையாது. கொடி மட்டும் பின்கியரில் சுற்றிக்கொண்டு ஹேங்கரை ஒடித்துவிடும். அதைச் சரிசெய்யச் சாமான் திருவையாற்றிலும் கிடைக்காது, பாபநாசத்திலும் கிடைக்காது.

விவசாயி செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இரவில் படுதாவைச் சுற்றிப் பாறாங்கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் போவதை நான் எந்த ஊரிலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். நெல்லைப் பாதுகாக்கிறோம் என்று வைத்த கல்லில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மோதி விழுகிறார்கள், உயிரும் போயிருக்கிறது. நாலுவழிச் சாலையின் ஓரத்தில் காயப்போடுவதும் தப்பு, அங்கே பஸ் எண்பதில் வருகிறது. கல்லுக்குப் பதில் மண் நிரப்பிய சாக்கு வையுங்கள், நாலு மூலையிலும் மினுங்கும் நாடா ஒட்டுங்கள் என்று என் ஊரில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள். ஆனால் பஸ் வராத, கரையை ஒட்டிய ஊர் ரோட்டில், ஆண்டுக்கு இரண்டு மாதம் பாதி அகலத்தை விட்டுக்கொடுப்பதில் நமக்கு என்ன கெட்டுவிடும்? நாம் பொழுதுபோக்கப் போகிறோம். அங்கே கிடப்பது ஆறு மாத உழைப்பு.

ஆகவே நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குள் ஊர் ரோடுகளை முடித்துவிட்டால் பரப்பிய நெல்லே குறுக்கே வராது. படுதா மூடிய குவியல்தான் இருக்கும். விடிவதற்கு முன்னால் அந்தக் குவியலும் கல்லும் தெரிய நல்ல விளக்கு வேண்டும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி கீழே சாய்த்து மாட்டுங்கள்.

இன்னொரு கூட்டமும் இந்த மாதங்களில் ரோட்டுக்கு வரும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு அறுத்த வயல்களில் கிடை போட வருவார்கள். ராத்திரிக்கு ஒரு வயல், அதற்குக் கூலி. ஆட்டுப் புழுக்கைதான் அந்த வயலுக்கு அடுத்த போக உரம். நூற்றுக்கணக்கான ஆடு ரோட்டை அடைத்துக்கொண்டு வரும்போது மணி அடித்து ஒன்றும் ஆகாது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மந்தை கடக்கும்வரை நில்லுங்கள். கிடை நாய், ஓடுகிற சக்கரத்தைத்தான் துரத்தும். நிற்கிற ஆளை ஒன்றும் செய்யாது, அநேகமாக.

வேகத்தைப் பற்றி நமக்குள் ஒரு பேச்சு வேண்டும். சராசரி முப்பதைத் தொட்டேன், முப்பத்திரண்டைத் தொட்டேன் என்று போனில் படம் எடுத்து அனுப்பிக்கொள்கிறோம். இந்தப் பூமி அதற்கு இடம் கொடுப்பதுதான் காரணம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். அங்கிருந்து நாகப்பட்டினம் வரை எண்பது கிலோமீட்டருக்கு மேல் அந்த அறுபது மீட்டர்தான் இறக்கம். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே அந்தத் தயவில்தான். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலமும் கரையும் தவிர எதுவும் இல்லை. ஆனால் நெடுந்தூர சைக்கிளுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர்களின் கணக்கைப் பாருங்கள். 1891ல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்றைக்கு நெடும்பயணமாக நடக்கிறது: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்த்து மணிக்கு 14 கிலோமீட்டர்கூட வேண்டாம். நம் ஊர்களில் நடக்கும் 200 கிலோமீட்டர் பிரவே பயணத்துக்கும் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள். அதற்கு 15 போதும். உலகத்திலேயே பிடிவாதமான சைக்கிள்காரர்கள் வகுத்த வேகம் அது. வலங்கைமான் ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஊடே முப்பத்திரண்டு எதற்கு?

அந்தப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்கள்தான், அதை மறந்துவிடுகிறோம். 2001–02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005–06ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆக்கியது தமிழ்நாடு. பஸ் வராத கரை ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போவது அந்தச் சைக்கிளில்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1991ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள், பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு வெண்ணாற்றங்கரையில் எதிரே வரும் அக்கா, கேரியரில் தூக்குவாளியும் ஹேண்டில்பாரில் அரிவாளுமாகக் களையெடுக்கவோ உளுந்து பிடுங்கவோ போகிறவர். தன் முன்னால் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பத்துப் பேர் இரண்டிரண்டாக ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தால் அவர்தான் மண்ணில் இறங்குகிறார். நாம் ஒற்றை வரிசைக்கு மாறலாம். ஒரு வணக்கமும் சொல்லலாம். போட்டோ வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள். குனிந்து வேலை செய்கிறவர்களைப் பின்னாலிருந்து எடுப்பது அசிங்கம்.

எங்கே ஓட்டுவது என்று கேட்பவர்களுக்கு, நான் கண்டுபிடிக்காத, பல தலைமுறையாகக் கால்நடையாகவே சுற்றிவரும் ஒரு வழியைச் சொல்கிறேன். ஏழூர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொரு பாலமும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம். உடம்பு சூடேற அது போதும். இப்போது ஐந்திலும் மணல்தான். நாணலும் ஆங்காங்கே குட்டையும். நிறைந்து ஓடும் காவிரியைப் பார்க்க ஆடிப்பெருக்குக்கு வரலாம், காற்றோடு மல்லுக்கட்டத் தயாராக.

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். பங்குனியில் கொள்ளிடத்துக்கு அக்கரைத் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று கல்யாணமாகாதவர்கள் கூட்டம் அள்ளும். அந்தக் கல்யாணத்துக்குப் பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து ஆபரணம், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானமாகிய தில்லைஸ்தானத்திலிருந்து நெய் என்று ஊருக்கு ஒன்று வந்ததாம். உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்ல, சித்திரையில் திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பல்லக்கில் ஆறு ஊருக்கும் போய் வருவார். ஒவ்வொரு ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழு பல்லக்கு. ஆறு வறண்டிருப்பதால் பல்லக்குகள் மணலில் இறங்கியே கடக்கும். சைக்கிள் அந்த மணலில் ஓடாது; பாலம் இருக்கும் இடம் பார்த்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் அழகான வட்டமாகத் தெரிவது நம் போனில் கோணல்மாணலாக விழும். விழட்டும்.

அந்தச் சுற்றில் இலையில்லாத வெறும் கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும் கல்யாண முருங்கையைப் பார்ப்பீர்கள். கண்டியூருக்கும் வேதிகுடிக்கும் நடுவில் வாழைக்கொல்லையும் வெற்றிலைக் கொடிக்காலும் வரும், திடீரென்று இரண்டு டிகிரி குளிரும். முடிவில் திருவையாற்றில் அசோகா ஒரு வாழையிலைத் துண்டில். அது பாசிப்பருப்பில் கிளறுவது. வழியெல்லாம் வயலில் பார்த்த பயறுதான் நெய்யோடும் சர்க்கரையோடும் கைக்கு வந்திருக்கிறது. அதைத் தின்றுவிட்டு எரித்த கலோரியைக் கணக்குப் பார்க்காதீர்கள், மனசு கஷ்டப்படும்.

மனுவுக்கு வருகிறேன். மனுக் கொடுப்போம், அதிலென்ன. ஆனால் நெல்லை ரோட்டிலிருந்து எடு என்று வேண்டாம். நெல்லுக்கு உலர்களம் கொடு என்று எழுதுவோம். சிமெண்டுத் தளம் போட்ட ஒரு உலர்களமும் அதன் ஓரத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் இருந்தால் எந்த அம்மாவும் லாரிக்கும் நமக்கும் நடுவில் நின்று நெல்லைக் கிளறமாட்டார். நம் கூட்டத்தில் பாங்கிக்காரர் உண்டு, டாக்டர் உண்டு, எஞ்சினியர் உண்டு, வாத்தியார் உண்டு. ஆனாலும் பாதிப் பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். சரியாக நெல்லும் உளுந்தும் ரோட்டில் கிடக்கும் வாரம். அன்றைக்கு உங்கள் ஊருக்குச் சைக்கிளிலேயே போங்கள். உலர்களம் வேண்டும், எந்தப் புறம்போக்கில் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் பெரும்பாலும் காலை பதினொன்றுக்கு. எட்டு மணிக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் நெல்லும் குறுக்கே வராது.

அன்புடன்,
வெட்டாற்றங்கரையிலிருந்து உங்களில் ஒருவன்